கடற்படைப் பரப்புரை அச்சுப்படங்களைக் கட்டுரையில் சேர்ப்பது எப்படி: முதன்முறை இறங்குவோருக்கு

சென்ற ஆண்டு ஒரு சிற்றிதழுக்காக, பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரசுகள் தம் கப்பற்படைகளை அச்சுப்படங்களில் எப்படிக் காட்டிக்கொண்டன என்பது பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினேன். எழுத்து இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. அதில் சேர்க்க வேண்டிய ஐந்து படங்களைச் சரியான விவரத்தோடும் முறையான உரிமத்தோடும் பெறுவதற்கு மேலும் ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் இலவசமாகக் கிடைக்கும் படம் ஒன்றுக்கு இடைத்தரகரிடம் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டினேன். ஒரே போரைக் காட்டும் இரண்டு படங்களை இரண்டு வெவ்வேறு போர்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, “1588இல் வெளியான படம்” என்று நான் குறிப்பு எழுதியிருந்த படம் 1739இல் லண்டனில் அச்சானது என்பதைப் பக்கங்கள் அமைத்து முடித்த பிறகுதான் ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். இதழ் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

இத்தகைய படங்களைக் கட்டுரைக்கோ நூலுக்கோ முதன்முறையாகத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்களின் வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு படிநிலையை விளக்கத் தேவைப்படும் இடங்களில் மட்டும் எடுத்துக்காட்டாகத் தொட்டுச் செல்கிறேன். ஒரு படத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பணம் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் இடங்களை ஏழாம் படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. படத்தைத் தேடும் முன் அதன் வேலையை முடிவு செய்யுங்கள்

“கடற்படைப் பரப்புரை” என்ற பெயரோடு தேடத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவியும். ஒரு மாதம் வீணாகும். முதலில் உங்கள் கட்டுரைக்குத் தேவைப்படும் படம் என்ன வேலையைச் செய்ய உருவானது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிதான் எந்த அருங்காட்சியகத்தை அணுக வேண்டும், எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

பலத்தைக் காட்டும் படம் ஒரு வகை. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் 1637இல் கடலில் இறக்கிய ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ கப்பலை ஜான் பெய்ன் பெரிய செப்புத்தகட்டுப் படமாக (தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்தி எடுப்பது) செதுக்கினார். அந்தக் கப்பலுக்கு 65,586 பவுண்டு செலவானது. அதில் பொன்முலாமும் அலங்காரமும் மட்டுமே ஆயிரக்கணக்கான பவுண்டுகளை விழுங்கின. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ‘கப்பல் வரி’ வாங்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. என் பார்வையில் அந்தப் படம் வரி கட்டியவனிடம் நீட்டிய ரசீது போன்றது. செய்தியைச் சொல்லிக்கொண்டே பெருமை பேசும் படம் இன்னொரு வகை: 1628இல் டச்சுத் தளபதி பீட் ஹைன் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல்களைக் கியூபாவின் மட்டான்சாஸ் விரிகுடாவில் கைப்பற்றியதும் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர்கள் வெளியிட்ட படங்கள் இந்த வகையில் சேரும். அச்சமூட்டும் படம் மூன்றாவது வகை. 1798இல், காற்றாலைகளும் துடுப்புச் சக்கரங்களும் கொண்ட மாபெரும் பிரெஞ்சுத் தெப்பங்கள் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வரப்போகின்றன என்று லண்டன் கடைகளில் படங்கள் விற்கப்பட்டன. அப்படியொரு தெப்பம் எங்கும் மிதந்ததில்லை. பழைய வெற்றி ஒன்றைப் புதிய சண்டைக்காகத் தூசு தட்டி எடுக்கும் படம் நான்காவது வகை. நான் விழுந்த குழி அதுதான் என்பதால் நான்காம் படியில் விரிவாக வருகிறது.

2. சரியான சேகரத்தில் சரியான மொழியில் தேடுங்கள்

பொதுத் தேடுபொறியில் கிடைக்கும் படத்தை ஒருபோதும் மூலமாகக் கொள்ளாதீர்கள். அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. அங்கே பார்த்த படம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த அருங்காட்சியகத்தின் பட்டியலுக்கு நேரடியாகப் போங்கள். டச்சுப் படங்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் ராட்டர்டாமின் அட்லஸ் ஃபான் ஸ்டோல்க் சேகரமும் முதல் இடங்கள். ஆங்கிலப் படங்களுக்குப் பிரிட்டிஷ் மியூசியமும் கிரீனிச் அரச அருங்காட்சியகங்களும். 1894-95 சீன-ஜப்பானியப் போரின் மும்மடிப்பு மரச்செதுக்குப் படங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும்.

தேடும் சொல் படத்தின் சொந்த மொழியில் இருக்க வேண்டும். டச்சுப் பட்டியலில் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தேடினால் பாதிப் படங்கள் கண்ணில் படமாட்டா. கப்பற்படைக்கு ‘வ்லோட்’ (vloot), கடற்போருக்கு ‘ஸேஸ்லாக்’ (zeeslag) என்ற டச்சுச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர்க் கடற்பரப்பில் 1782-83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதிய போர்களின் படங்களைத் தேடுகிறவர்கள், ஆங்கிலத்தில் ‘சட்ராஸ்’ (Sadras), ‘நெகபடாம்’ (Negapatam), ‘கடலோர்’ (Cuddalore) என்றும் பிரெஞ்சில் கடலூரைக் ‘கோண்டலூர்’ (Gondelour) என்றும் தேட வேண்டும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடி, எதுவும் இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

கிடைத்த ஒவ்வொரு படத்துக்கும் அருங்காட்சியகம் தந்த பதிவெண்ணை உடனே எழுதுங்கள். தலைப்பு மாறும், இணைய முகவரி மாறும், பதிவெண் மாறாது. டச்சு வரலாற்றுப் படங்களுக்கு ஃபிரெடெரிக் முல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியலின் எண்ணும் பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தேடினால் அதே படத்தின் பிற பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியவரும். ஐந்தாம் படியில் அது கைகொடுக்கும்.

3. படத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் படியுங்கள்

நாம் எல்லோரும் முதலில் கப்பல்களைத்தான் பார்க்கிறோம். ஆனால் படத்தின் பிறப்புச் சான்றிதழ் அடியில் ஓடும் பொடி எழுத்துகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் லத்தீன் சுருக்கங்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘பின்க்சிட்’ என்றிருந்தால் அவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். ‘இன்வெனிட்’ என்றால் படத்தை வகுத்தவர். ‘டெலினியாவிட்’ என்றால் வரைந்தவர். ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் தகட்டைச் செதுக்கியவர். ‘ஃபெகிட்’ என்பது செய்தவர். அமிலத்தால் அரித்துச் செய்யும் படங்களில் அதிகம் வரும். ‘எக்ஸ்குடிட்’ என்பதே நமக்கு மிக முக்கியமானது, அது பதிப்பாளரைக் குறிக்கிறது. பணம் போட்டவர், தகட்டுக்கு உரிமையாளர், எதை எப்போது விற்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்தான். பரப்புரை பற்றி எழுதுகிறவருக்கு ஓவியரைவிடப் பதிப்பாளரே முதல் சாட்சி.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ‘கும் பிரிவிலேஜியோ’ என்ற சொற்றொடரைப் பார்த்ததும் அரசே வெளியிட்ட படம் என்று எழுதிவிடுவது. நான் அப்படித்தான் எழுதினேன். அது, பிறர் இந்தப் படத்தைப் பார்த்து அச்சிடக் கூடாது என்று பதிப்பாளர் அரசிடம் வாங்கிய தடையுரிமை மட்டுமே. அரசு காசு கொடுத்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காணிக்கை வரியில் ஒளிந்திருக்கலாம். ஒரு தளபதிக்கோ மாகாண அவைக்கோ படத்தைக் காணிக்கையாக்கும் பதிப்பாளர், பதிலுக்கு ஒரு பரிசுத்தொகையை எதிர்பார்த்தே அப்படிச் செய்தார்.

இரண்டாவது, ஒரே பெயரில் பல தலைமுறைகள். ஆம்ஸ்டர்டாம் கால்வர் தெருவில் கடை வைத்திருந்த கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் 1652இல் இறந்தார். அவருக்குப் பின் மகன் நிக்கோலாஸ், அவருக்குப் பின் அதே பெயருள்ள பேரன், கடைசியாகப் பேரனின் மனைவி என்று அந்தக் கடையும் தகடுகளும் கைமாறின. படத்தில் ‘நி. விஸ்ஸர்’ என்று மட்டும் இருந்தால் அது மகனா பேரனா என்று தெரியாது. இருவருக்கும் இடையில் முப்பது ஆண்டு வேறுபாடு வந்துவிடும். அருங்காட்சியகப் பட்டியல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள். பட்டியல் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

மூன்றாவது, முகவரி மட்டும் மாறிய படம். லண்டன் பதிப்பாளர் ராபர்ட் சேயரின் தகடுகள் 1794இல் லாரி-விட்டில் என்ற கூட்டாளிகளின் கைக்குப் போயின. இப்படிக் கைமாறிய தகடுகளில் பழைய பதிப்பாளரின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய பெயரைச் செதுக்குவார்கள்; கப்பல்கள் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு படத்தின் இரண்டு பிரதிகளைப் பார்த்தால் விளிம்பு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அருங்காட்சியகங்கள் இவற்றை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரித்துக் குறிப்பிடும்.

ஆங்கிலப் படங்களில் ஒரு வசதி உண்டு. 1735ஆம் ஆண்டின் செதுக்குநர் காப்புரிமைச் சட்டம், பாதுகாப்புப் பெற வேண்டுமானால் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் அதற்குப் பிந்தைய ஆங்கிலப் படங்களில் பெரும்பாலும் நாள், மாதம், ஆண்டு மூன்றும் கிடைத்துவிடும். அதற்கு முந்தைய படங்களுக்கும் பிற நாட்டுப் படங்களுக்கும் இந்த வசதி இல்லை.

4. மூன்று தேதிகளைத் தனித்தனியே எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: காட்டப்படும் நிகழ்ச்சியின் நாள், தகடு செதுக்கப்பட்ட ஆண்டு, உங்கள் கையில் உள்ள பிரதி அச்சான காலம். மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

என் தவறையே எடுத்துக்கொள்ளுங்கள். 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த அர்மாடா என்ற ஸ்பெயினின் கப்பற்படை தோற்ற பிறகு, ஆங்கிலத் தளபதி ஹவர்ட் பிரபு பத்துச் சித்திரத் திரைச்சீலைகளுக்கு ஏற்பாடு செய்தார். ஹென்ட்ரிக் வ்ரோம் வகுத்துக் கொடுக்க, டெல்ஃப்ட் நகரில் ஸ்பீரிங்க்ஸின் தறிக்கூடத்தில் அவை நெய்யப்பட்டன. பின்னாளில் லண்டனில் பிரபுக்கள் அவையில் தொங்கின. ஜான் பைன் என்ற செதுக்குநர் அந்தத் திரைச்சீலைகளைப் பார்த்துச் செய்த படங்களை 1739இல் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. திரைச்சீலைகள் 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தோடு எரிந்துபோயின. ஆகவே இன்று அர்மாடா என்றதும் எங்கும் காணக்கிடைக்கும் அந்த அழகான படங்கள், நூற்றைம்பது ஆண்டு கழித்து, அதே ஸ்பெயினோடு மறுபடியும் மல்லுக்கு நின்ற ஒரு தலைமுறையின் கைக்குப் போனவை. அதை “1588இன் பரப்புரை” என்று எழுதியது வெறும் தேதிப் பிழையாக நிற்கவில்லை. என் வாதத்தின் காலையே வாரிவிட்டது. 1588ஐயொட்டிய ஆண்டுகளிலேயே வெளியானது தேவையென்றால் தேட வேண்டியது வேறு: 1588 மே மாதம் லிஸ்பனில் அச்சான கப்பற்படைப் பட்டியல் போன்ற அச்சுத்தாள்கள், அல்லது போரையொட்டி ராபர்ட் ஆடம்ஸ் வரைந்து 1590இல் அகஸ்டின் ரைதர் செதுக்கிய கடல்வரைபடங்கள்.

அடுத்தது நாட்காட்டி. ஹாலந்து மாகாணம் 1583இலேயே கிரிகோரி நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வேறுபாடு. 1666இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கடலில் மோதிய ‘நான்கு நாள் போர்’ டச்சுக் கணக்கில் ஜூன் 11 முதல் 14 வரை நடந்தது. ஆங்கிலக் கணக்கில் ஜூன் 1 முதல் 4 வரை. நான் இரண்டு போர்கள் என்று நினைத்தது இதைத்தான். 1688இல் டச்சு ஆட்சித்தலைவர் ஆரஞ்சு வில்லியமின் கப்பற்படை இங்கிலாந்தின் டோர்பேயில் கரை சேர்ந்த நாளும் இப்படியே நவம்பர் 5 என்றும் 15 என்றும் வரும். உங்கள் கட்டுரையில் ஏதேனும் ஒரு நாட்காட்டியைத் தேர்ந்து, அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆண்டும் ஏமாற்றும். அந்தக் கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. இரண்டாம் சார்லஸ் டச்சுக்காரர்கள் மீது போர் அறிவித்த நாள் நம் கணக்கில் 1672 மார்ச். அவர்கள் கணக்கில் இன்னும் 1671. இந்த அறிவிப்பை நீங்கள் எப்படியும் தேடிப் போவீர்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்: டச்சு ஊர்களெங்கும் தம்மை இழிவுபடுத்தும் படங்களும் பதக்கங்களும் நிறைந்திருக்கின்றன என்பதைப் போருக்கான காரணங்களில் ஒன்றாக அரசர் அதில் எழுதினார். படங்களை அரசுகள் எவ்வளவு பொருட்படுத்தின என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் என் கையில் சிக்கவில்லை.

5. படத்துக்குள் இருப்பதைச் சரிபாருங்கள்

படத்தை முழு அளவில் பெரிதாக்கி, கொடிகளிலிருந்து தொடங்குங்கள். 1707க்கு முந்தைய ஆங்கிலக் கப்பற்கொடியின் மூலையில் வெள்ளைப் பரப்பில் சிவப்பான செயின்ட் ஜார்ஜ் சிலுவை மட்டும் இருக்கும். அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டின் ஒன்றிணைந்த சிலுவைகள் வந்தன. 1588ஐக் காட்டும் படத்தில் ஒன்றிணைந்த சிலுவைகள் கொண்ட கப்பற்கொடி பறந்தால் படம் பிற்காலத்தது. பிரெஞ்சுக் கப்பலின் மூவண்ணக் கொடியும் இப்படிப்பட்ட துப்புதான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய போரின்போதே அச்சான படத்தில் அது இருக்க முடியாது.

அடுத்து, கப்பல்களின் மேல் A, B, C என்று வரிசையாகப் பொறிக்கப்பட்ட சிறு குறியெழுத்துகளைப் பாருங்கள். அவற்றுக்கான விளக்கம் படத்தின் அடியில் இருக்க வேண்டும். பல டச்சுச் செய்திப்படங்களில் அந்த விளக்கவுரை தனித் தாளில் எழுத்துக்கோத்து அச்சடிக்கப்பட்டு, படத்தின் கீழே ஒட்டப்பட்டது. காலப்போக்கில் யாரோ அதை வெட்டி எறிந்திருப்பார்கள். அரசியல் பேச்சு முழுவதும் அந்தத் தாளில்தான் இருந்திருக்கும். உங்கள் பிரதியில் உரை இல்லையென்றால், இரண்டாம் படியில் குறித்த முல்லர் எண்ணைக் கொண்டு உரையோடு கூடிய பிரதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உரை டச்சோடு பிரெஞ்சிலும் இருந்தால் அந்தப் படம் வெளிநாட்டுச் சந்தையையும் குறிவைத்தது என்று பொருள். அதை உங்கள் கட்டுரையில் தயங்காமல் சொல்லலாம்.

கப்பல்களை எண்ணி, “இத்தனை கப்பல்கள் கலந்துகொண்டன” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதே இந்தப் படங்களின் தொழில்.

6. உரிமையைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். படத்தின் காப்புரிமை ஒன்று; அதை அருங்காட்சியகம் எடுத்த நிழற்படத்தின் பயன்பாட்டு விதி மற்றொன்று.

முதலாவது எளிது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்புக்கு ஆசிரியரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. 1688இல் டச்சுக் கலைஞர் ரோமைன் டெ ஹூக் அமிலத்தால் அரித்துச் செய்த கப்பற்படைப் படத்துக்கு இன்று உரிமையாளர் யாரும் இல்லை. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர்ப் படங்களில் மட்டும் ஓவியர் எப்போது இறந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் இடத்துக்கு இடம் மாறும். ரைக்ஸ்மியூசியமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும், காப்புரிமை முடிந்த படைப்புகளின் நிழற்படங்களை எந்த நிபந்தனையும் இன்றி, வணிகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து, பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. பிரிட்டிஷ் மியூசியம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும், பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இலவசமாகத் தருகிறது. கிரீனிச் அருங்காட்சியகப் படங்களை வெளியிட உரிமக் கட்டணம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையும், பிரிட்டனில் 2023இல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பும், பழைய படத்தை அப்படியே நகலெடுத்த நிழற்படத்துக்குப் புதிய காப்புரிமை கோருவதைப் பலவீனமாக்கிவிட்டன. ஆயினும் தளத்தின் பயன்பாட்டு விதிகளை ஏற்றுக்கொண்டு படத்தை இறக்கியிருந்தால், அது நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். சட்டவாதம் செய்து வெல்லலாம் என்று சிற்றிதழின் தலையில் சுமையை ஏற்றாதீர்கள்.

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். படவிற்பனை நிறுவனங்கள், அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் அதே படத்தை விலைப்பட்டியலோடு வைத்திருக்கும். அவர்கள் விற்பதில் சட்டக்குற்றம் எதுவும் இல்லை. தேடாமல் வாங்கியது என் குற்றம். பணம் கட்டும் முன் அதே படத்தின் வேறொரு பிரதி திறந்த சேகரம் ஒன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுப்படம் என்றாலே பல பிரதிகள் உண்டு. ஓவியத்தைப் போல ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பதில்லை.

7. கடிதம், கட்டணம், காலம்

கட்டணம் கேட்கும் இடத்துக்கும், ‘வணிகமல்லாத’ என்ற நிபந்தனை உள்ள இடத்துக்கும் கடிதம் எழுதியாக வேண்டும். நூறு ரூபாய் விலையுள்ள, யாருக்கும் லாபம் தராத சிற்றிதழ் வணிகமா இல்லையா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் கடிதம் விவரம் போதாது என்று திரும்பி வந்தது, மூன்று வாரம் போனது. அதனால் முதல் கடிதத்திலேயே இவை எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்: படத்தின் பதிவெண், இதழ் அல்லது நூலின் பெயர், மொழி, அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை, விற்பனை விலை, எந்த நாடுகளில் விற்கும், படம் உள்பக்கத்திலா அட்டையிலா, பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும், மின்னூலும் உண்டா, வெளியாகும் மாதம். மொழி தமிழ் என்பதையும் பிரதிகள் சில நூறு மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவை இரண்டும் கட்டணத்தைக் குறைக்கும் காரணங்கள். ஒருமொழி உரிமமே போதும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் உலகளாவிய உரிமத்தின் விலையைச் சொல்லிவிடுவார்கள்.

பதில் வர எனக்கு ஓரிடத்தில் 4 நாளும் மற்றோரிடத்தில் 19 நாளும் ஆயின. ஆகஸ்டிலும் டிசம்பர் இறுதியிலும் ஐரோப்பிய அலுவலகங்களில் எழுதிப் பயனில்லை.

பணம் கட்டப் பன்னாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்ட வங்கி அட்டை வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வங்கிச் செயலியில் நீங்களே மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணத்தையும் அதன் மேலான ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டு, உரிமக் கடிதம், மின்னஞ்சல் உரையாடல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, அதன் நகலை ஆசிரியரிடமும் கொடுத்துவிடுங்கள். மறுபதிப்பு வரும்போது அதைத் தேடி அலைவது நீங்கள்தான்.

8. நேரில் பார்க்க விரும்பினால்

பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது. தாளின் நீர்க்குறியையோ தகடு பதிந்த தடத்தையோ பார்த்தே தீர வேண்டும் என்றால், பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட ஆய்வறையும் ரைக்ஸ்மியூசியத்தின் ஆய்வறையும் முன்பதிவின் பேரில் பொதுமக்களையும் அனுமதிக்கின்றன. பதிவெண்களை முன்கூட்டியே அனுப்பி, புகைப்பட அடையாள ஆவணத்தையும் பென்சிலையும் கொண்டுபோக வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை. லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் தனித்தனி விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. முடிவுக்குப் பதினைந்து நாள் என்பது விதி, நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். அறை உறுதியான பிறகே விமானச்சீட்டு எடுங்கள்.

9. விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு

கட்டுரைக்காக மூலப்பிரதியை வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் சில எச்சரிக்கைகள். செப்புத்தகட்டுப் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்க வேண்டும். ஆனால் ஓரம் வெட்டப்பட்ட நல்ல பிரதிகளும் உண்டு, பள்ளத்தைப் போலியாக அழுத்திய மறுபதிப்புகளும் உண்டு. விளக்கொளியில் பிடித்தால் பதினேழாம் நூற்றாண்டுத் தாளில் கம்பிக்கோடுகள் தெரியும். வழவழப்பான கோடற்ற தாள் 1750களுக்குப் பிறகு வந்தது. உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது நவீன அச்சு. 1842இல் தொடங்கிய லண்டன் படச்செய்தி வார இதழின் பக்கங்களைக் கிழித்து, இன்று வண்ணம் பூசி, ‘மூலச் செதுக்குப்படம்’ என்று விற்பதும் பரவலாக நடக்கிறது. அது பழைய தாள்தான். வண்ணம் மட்டும் நேற்றையது.

இந்தியாவுக்கு வரவழைத்தால் கூரியர் நிறுவனம் உங்கள் அடையாள ஆவணத்தைக் கேட்கும். மூலச் செதுக்கு அச்சுகள் சுங்க அட்டவணையில் 9702இலும், நூறாண்டைக் கடந்த பழம்பொருள்கள் 9706இலும் வருகின்றன. விற்பவர் வெறும் ‘படம்’ என்று எழுதி அனுப்பினால் சாதாரண அச்சுப் பொருளாகக் கணக்கிட்டுவிடுவார்கள். ஆகவே விலைச்சீட்டில் தலைப்பு, ஆண்டு, செய்முறை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வரி, அஞ்சல் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மீது விழும். வாங்கும் வாரத்தின் விகிதத்தைச் சுங்கத்துறைத் தளத்தில் பாருங்கள். பிறகு வெளிநாட்டில் விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனிநபர் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

10. அச்சுக்கு அனுப்பும்போது

டெமி அளவு நூலின் முழுப்பக்கம் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1650க்கு 2550 பிக்சல் வேண்டும். கப்பற்படைப் படங்கள் அகலமானவை என்பதால் இரண்டு பக்கத்துக்கு விரிக்கத் தோன்றும். அப்போது 3300 பிக்சல் அகலம் தேவை. ஆனால் இந்தப் படங்களில் தலைமைக் கப்பலை நடுவில்தான் வைப்பார்கள், அது நேராகப் பக்கமடிப்பில் போய் விழும். பக்க அமைப்பாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு நூலில் அச்சான படத்தை வருடி எடுக்காதீர்கள். செதுக்குக் கோடுகளும் அச்சுப்புள்ளிகளும் மோதிக் கடலெங்கும் கட்டம் கட்டமாக அலை எழும். தாளின் பழுப்பை நீக்கிப் ‘பளிச்’ என்று ஆக்கவும் வேண்டாம். மெல்லிய கோடுகள் போய்விடும், தொலைவில் இருக்கும் கப்பல்கள் காணாமல் போகும்.

படக்குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள், பக்க அமைப்பாளரிடம் விடாதீர்கள். என் படத்துக்குக் கடைசியில் அச்சான குறிப்பின் வடிவம் இது: “1588இல் ஆங்கில, ஸ்பானியக் கப்பற்படைகள். பிரபுக்கள் அவையில் தொங்கி 1834இல் எரிந்துபோன திரைச்சீலையின்படி, ஜான் பைன் வெளியிட்ட செப்புத்தகட்டுப் படம், லண்டன், 1739.” இதன் பின் சேகரத்தின் பெயரும் பதிவெண்ணும் உரிமக் குறிப்பும் வரும். அருங்காட்சியகம் கேட்ட சொல்வரிசையை அப்படியே போட வேண்டும், பெயரை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதலாமா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். உரிமக் கடிதத்தில் இதழின் ஒரு பிரதியை அனுப்பும்படி சொல்லியிருந்தால், இதழ் வந்த மாதத்திலேயே அனுப்பி, அஞ்சல் ரசீதையும் அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த படத்துக்காக அதே அலுவலகத்துக்கு எழுதும்போது உங்கள் பெயரில் பாக்கி எதுவும் நிற்கக் கூடாது.